விழாப் புத்தகத்தில் செத்துப்போனவள்

மகனுக்கு,

உன் அண்ணையின் மகன் டெனிஸ்ரன் எஞ்சினியராகிவிட்டான். தங்கையின் மகள் டொக்டராக வந்துவிட்டாள். உன் மகள் அனோஜினி போலந்தில், அந்த நாட்டின் பெரிய வயலின் கலைஞர் ஒருவருக்கு எடுத்த விழாவில் தனியாக நின்று வாசித்திருக்கிறாள். ஊர்காவற்றுறையில் வேறெந்தக் குடும்பத்துக்கு இது வாய்த்தது?

இதை நீ சொல்லவில்லை. பக்கத்து வீட்டு ஜெனீற்றாதான் விழாப் புத்தகத்தைப் போனில் எடுத்துத் தமிழில் சொன்னாள். பாதியில் நிறுத்தினாள்.

"மாமி, பிள்ளையின்ரை அப்பம்மா சண்டையிலை செத்துப்போனாவாம். அப்ப நீங்கள் ஆர்?"

"அவவின்ரை ஆவி. மிச்சத்தை வாசியடி."

சொந்தமென்று ஒருவரும் மிஞ்சாத வீட்டுப் பிள்ளை என்று அந்தப் புத்தகத்தில் நீயே சொல்லியிருக்கிறாய். வெள்ளைக்காரர் கண்கலங்கவா என்னைக் கொன்றாய்? அவளுடைய வாசிப்புப் போதாதா? நான் செத்தது உண்மையென்றால் முப்பத்தோராம் நாள் பூசைக்கு ஏன் வரவில்லை? நான் ஐந்தாம் வகுப்புத்தான் படித்தவள். ஆனாலும் உன்னைப் பற்றி ஒரு பொய் எழுதியதில்லை.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அனோஜினியும் என்னைச் செத்தவள் என்றா நினைக்கிறாள்?

நான் இருக்கிறேன் என்று அவளுக்குச் சொல். வயலினோடு நிற்கும் புதுப் படம் ஒன்றைத் தபாலில் போடு. பின்பக்கத்தில் "அப்பம்மாவுக்கு" என்று அவள் தன் கையாலேயே எழுதட்டும். உன் எழுத்து எனக்கு வேண்டாம்.

அம்மா