கதவு சாத்தினால் நின்றுவிடும் வீடு

மச்சான்,

உன் கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றியதும் சாம்பிராணி மணத்தது. புரொசசருக்கு மேல் இருக்கும் சின்னக் காற்றாடியில் தூசி பிசின் மாதிரி ஒட்டிக் கிடந்தது. வெள்ளி இரவுகளில் உங்கள் வீட்டில் போட்ட புகையெல்லாம் உள்ளே போய்க் குடியிருந்திருக்கிறது. பழைய பல் தூரிகையால் துடைத்துக்கொண்டே உன்னைத் திட்டினேன். திருப்பித் திட்ட நீ இல்லை என்பது கொஞ்சம் பிந்தித்தான் உறைத்தது.

உன் மகள்தான் அதை ஓட்டோவில் ஏற்றி என் கம்ப்யூட்டர் திருத்தும் கடைக்குக் கொண்டு வந்தாள். "சாச்சா, வாப்பா எனக்கு வரைஞ்ச வீட்ட நானும் உம்மாவும் இன்னும் பார்க்கல்ல. மாரிக்கு முந்தி முடிக்கணும் எண்டு மாமா இந்தக் கிழமையே அத்திவாரம் வெட்டப் போறாராம். அதுக்குள்ள ஒருக்கா நடந்து பார்க்கணும்," என்றாள். பேச்சு உன்னுடையதுதான். நீயும் ஒருநாளும் 'படம் காட்டுறேன்' என்று சொன்னதில்லை. 'வீட்டுக்குள்ள நடக்க விடுறேன்' என்றுதான் சொல்வாய்.

நம் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாண வயதில் குமர் ஒன்று இருந்தால் வாப்பா வீடு கட்டியாக வேண்டும், அவள் அங்கேயே வாழ்ந்து அங்கேயே மௌத்தாவாள். ஆனால் வளவில் நின்று கையை நீட்டி, குசினி அங்கே, வாசல் இங்கே என்று தீர்மானிப்பது முழுக்க ஆண்கள். கடதாசியில் கிடக்கும் கோடுகளைப் பார்த்துப் பெண்கள் தலையாட்டுவார்கள். கட்டி முடிந்த பிறகு அந்தக் குசினியில் வெந்து சாவார்கள். இது உனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் வீட்டை முழு உருவமாகக் கம்ப்யூட்டரில் கட்டி, படம் வரைய உன்னிடம் வருகிற குடும்பங்களின் உம்மாவையும் மகளையும் கதிரையில் இருத்தி, மவுசைக் கையில் கொடுத்து உள்ளே நடக்க விட்டாய். "கல்லு வச்ச பிறகு கதைச்சு என்ன வேல?" என்பாய்.

கெட்ட காலம், உன் பெட்டியில் தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லை. கார்ட் நாட்டுக்குள் வராத காலம் அது. வந்தபோதும் நம் கைக்கு எட்டவில்லை. புரொசசருக்குள்ளேயே இருந்த கிராபிக்ஸ் ஒரு மாடி வீட்டைச் சுமக்கத் திணறியது. அதை அதன் அளவுக்கு மேல் வேகமாக ஓட வைக்கலாம் என்று எங்கேயோ படித்துவிட்டு நீ ஓவர்குளோக் செய்யத் தொடங்கினாய். என் நிம்மதி அன்றோடு போனது.

பாலமுனையில் இருந்து ஒரு குடும்பம் வந்தால் திரை உறைந்துவிடும். அக்கரைப்பற்றில் இருந்து வந்தால் கோடு கோடாக நிறம் ஓடிக் கறுப்பாகிவிடும். உடனே எனக்குப் போன். நான் கடையைப் பூட்டிவிட்டு உன் முன்னறைக்கு வந்து இருந்தால், கடல் காத்து சில்லென்று வீச, அது நல்ல பிள்ளை மாதிரி ஓடும். நான் போய் அடுத்த குடும்பம் வந்ததும் நிற்கும்.

"கிராபிக்ஸ் வேகத்தையும் ரேம் வேகத்தையும் ஒண்டாக் கூட்டாத எண்டு எத்தின தரம் சொல்ற? ரெண்டும் ஒரே ரேமைத்தான் தின்னுது. எது பிழை எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிற?"

"விடிய சுபஹு தொழுகைக்குப் பிறகு ரெண்டு மணித்தியாலம் ஓட விட்டுப் பார்த்த நான். ஒண்டும் ஆகல்ல."

"அப்ப ஏன் பொம்பளையள் வந்தா மட்டும் நிக்குது?"

"அதுக்கும் வெக்கம் போல," என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்றைக் கூட்டு, ஓட விடு, பிறகு மற்றதைக் கூட்டு என்று உனக்குச் சொல்லிச் சொல்லி என் வாய்தான் களைத்தது. மின்னழுத்தத்தை ஏற்றிப் பார்த்தோம், இறக்கிப் பார்த்தோம். டிரைவர் மென்பொருளைப் பழையதாக்கிப் பார்த்தோம். கல்முனைக் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்று வந்த அன்று ஒரு தரம்கூட நிற்காமல் ஓடியது. "அவங்கட வீடு சின்னன், படம் லேசு," என்று முடித்துக்கொண்டோம். கெட்டிக்காரர்கள் இரண்டு பேர்.

மகளின் வீட்டை மட்டும் நீ காட்டவே இல்லை. நிற்காமல் ஓடுகிற நாள் வரட்டும், அதன் பிறகு காட்டுவேன் என்று தள்ளிக்கொண்டே போனாய். அந்த நாள் வருவதற்குள் நெஞ்சு வலி வந்தது.

இந்த முறை நான் ஒழுங்காகச் செய்தேன். தூசி எடுத்தேன், சூட்டைக் கடத்தும் புதுப் பசை தடவினேன், ரேமை அதன் சொந்த வேகத்துக்கே இறக்கினேன். நீ வைத்த கிராபிக்ஸ் வேகத்தைத் தொட மனம் வரவில்லை. கடையில் காலையில் இருந்து பின்னேரம் அஸர் தொழுகை வரைக்கும் ஓடியது. திருப்தியோடு அனுப்பி வைத்தேன். அடுத்த நாள் உச்சி வெயிலில், லுஹர் தொழுகைக்குப் பிறகு போன் வந்தது. "சாச்சா, நிண்டுட்டு."

சலிப்போடுதான் வந்தேன். தரைப் பக்கத்துக் கச்சான் காத்து அனலாய் வீசிக்கொண்டிருந்தது. உன் மௌத்துக்குப் பிறகு உன் மனைவி அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் இத்தாவில் இருக்கிறா, அதனால் நான் உள்ளே போக ஏலாது. விறாந்தையில் ஒரு கதிரை போட்டார்கள். முன்னறைக் கதவின் ஒரு பலகை சாத்தியிருந்தது, மற்றதில் தடித்த துணித் திரை. திரைக்கு அந்தப் பக்கம் உன் மகள் பெட்டியை எழுப்பிவிட்டாள், கொஞ்ச நேரம் ஓடியது, மறுபடியும் நின்றது. வாழ்க்கையில் முதல் தரம், அது நிற்கிற நேரத்தில் நான் பக்கத்தில் இருந்தேன்.

"மகள், ஜன்னல் திறந்தா கிடக்கு?"

"இல்ல சாச்சா. உம்மா இரிக்கிறா எண்டு எல்லாம் பூட்டு."

"ஃபேன்?"

"போடல்ல. போட்டா திரை பறக்குது."

நான் எழும்பி நின்றுவிட்டேன். பெண்கள் வந்த நாளெல்லாம் நீயும் இதைத்தான் செய்திருக்கிறாய். அவர்களின் மரியாதைக்காகக் கதவைச் சாத்தி, ஜன்னலைப் பூட்டி, திரை பறக்கக் கூடாதென்று ஃபேனையும் நிறுத்தியிருக்கிறாய். அறை வெந்து பெட்டியும் வெந்திருக்கிறது. அவர்கள் போனதும் எல்லாவற்றையும் திறந்துவிட்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறாய். நான் வரும்போது கடல் காத்து. நீ சோதித்துப் பார்த்ததோ விடியக்காலைக் குளிரில். கிறிஸ்தவக் குடும்பத்துக்கு மறைப்பு தேவைப்படவில்லை, அவர்கள் வந்த அன்று கதவு விரியத் திறந்து கிடந்தது. இதை உன்னிடம் சொல்ல முடியாமல் போனதில் எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை.

கதவைத் திறக்கச் சொல்ல ஏலாது. ஒரு வழிதான் இருந்தது. பெட்டியை அணைத்துப் போட்டு, டிலீட் பட்டனை அமத்தி, வேகங்களை மாற்றுகிற பயோஸுக்குள் போய், எல்லாவற்றையும் பழைய அளவுக்கே திருப்பச் சொன்னேன்.

"சாச்சா, அமத்தினா வாப்பா செஞ்சதெல்லாம் போயிருமே?"

"வீடு போகாது மகள். வேகம்தான் போகும்."

அமத்தினாள். மறுபடியும் வீடு திறந்தது. "நிண்டு நிண்டு போகுது சாச்சா," என்றாள். நீ காட்டக் கூச்சப்பட்ட அதே திணறல்தான். சரிவருமா என்று கேட்டேன். "உம்மா சொல்றா, நிண்டு நிண்டு போனாத்தானாம் பார்க்கலாம்."

பிறகு அவர்கள் நடந்தார்கள். நான் வெளியே இருந்து கேட்டேன். வாசல், மண்டபம், மகளின் அறை, குசினி. குசினியில் நெடுநேரம் நின்றார்கள். குசினிக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு உம்மாவும் வாப்பாவும் ஒதுங்கிக்கொள்ள எல்லோரும் வைக்கிற அதே அறை. நீயும் வைத்திருந்தாய். இவ்வளவு பேசின நீயும்.

உள்ளே குசுகுசுவென்று ஒரு பேச்சு. பிறகு மகள் திரைக்குக் கிட்ட வந்தாள்.

"சாச்சா, உம்மா சொல்றா, அந்த அறை பின்னுக்கு வேணாமாம். தனிய இருக்கப் போறதாம், முன்னுக்கு, றோட்டு தெரியிற மாதிரி வேணுமாம்." கொஞ்சம் நிறுத்தினாள். "வாப்பா இருந்தா ஓமெண்டுவாரா எண்டு கேக்கிறா."

"ஓமெண்டிருப்பான். இந்தப் பெட்டியப் போட்டு இந்தப் பாடு படுத்தினது அதுக்குத்தான் எண்டு சொல்லுங்க," என்றேன்.

அத்திவாரம் வெட்ட நின்ற உன் மச்சினன் முதலில் முறுமுறுத்தார். மேசனுக்கு நானே போய் விளங்கப்படுத்தினேன், அறை முன்னுக்கு வந்துவிட்டது. இப்போது கடைக்கு யார் எந்தப் பெட்டியோடு வந்தாலும், அது எந்த அறையில் இருக்கிறது, கதவு திறந்தா சாத்தியா, அந்த நேரம் யார் இருந்தார்கள் என்று முதலில் கேட்கிறேன். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்று நினைக்கிறார்கள். நினைக்கட்டும்.

அத்திவாரத்துக்கு நூல் கட்டும்போது ஒரு முனையை மேசன் பிடித்தார். மற்ற முனையை, வழக்கப்படி, பெண்ணின் வாப்பா பிடிக்க வேண்டும். யார் பிடிப்பது என்று எல்லோரும் ஆளையாள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உன் மகள் அதை எடுத்துவந்து என் கையில் தந்தாள்.