ஹவாய் டீச்சர்

அன்புள்ள நானாய்க்கு,

உங்கள் கையை எடுத்து என் நெற்றியில் ஒற்றிக்கொள்கிறேன். மூட்டுவலி எப்படி இருக்கிறது, அம்மா? மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

தாய்லாந்தில் எனக்கு ஒரு குறையுமில்லை. நேற்று பள்ளியில் பெற்றோர் கூட்டம். கேட்டால் சிரிப்பீர்கள். முதலாளியம்மா என் தலைமுடிக்குப் பழுப்புச் சாயம் பூசவைத்து, "யார் கேட்டாலும் பிலிப்பைன்ஸ்னு சொல்லித் தொலைக்காதீங்க டீச்சர். அமெரிக்காவுல ஹவாய்னு சொல்லுங்க, உங்க மூஞ்சிக்கு நம்புவாங்க" என்றாள். அப்படியே சொன்னேன்.

ஒரு மாணவியின் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதானே பார்த்தேன்! இதுல்ல இங்கிலீஷ்! போன வருஷம் ஒரு பிலிப்பைன்ஸ்காரி இருந்தா. வாயத் தொறந்தாலே பட்டிக்காடு. நல்லவேளை, தொரத்திட்டாங்க" என்றாள்.

போன வருஷம் இருந்தவளும் நான்தான், நானாய். பல்லைக் காட்டி நன்றி சொன்னேன். வேறென்ன செய்ய?

முடிந்தால் கொஞ்சம் கருவாடு அனுப்புங்கள். இங்கே கிடைப்பதில் நம் வீட்டு வாசனை இல்லை.

மணி அடிக்கிறது, வகுப்புக்கு ஓட வேண்டும். ஒன்று மட்டும்: பொட்டலத்தைப் பள்ளி முகவரிக்கு அனுப்பாதீர்கள், என் அறைக்கே அனுப்புங்கள். அதன்மேல் உங்கள் பெயரும் நம் இலோயிலோ ஊர்ப் பெயரும் இருக்குமே. பள்ளியைப் பொறுத்தவரை எனக்கு இலோயிலோவில் அம்மா கிடையாது.

உங்கள் மகள்,
மரிவிக்