நாலு விரல் பிடித்த தூண்டில்

மச்சான்,

சத்தியமாகச் சொல்கிறேன், இனி நான் எழுதப்போவதை மனிதப் பிறவி எடுத்த எவனும் நம்பமாட்டான். என் பேச்சை நம்பாமல் இருந்து பழகியது ஸ்ரீராம்புரம். அந்த ஊரே இதைக் கேட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடும்.

இன்று காலை உன் மகள் ஆட்டோவில் வந்தாள். ஒரு பக்கம் அவள் தலை தெரிந்தது. மறுபக்கம் உன் தூண்டில் ராடின் நுனி தெருவையே குத்துவது போல நீட்டிக்கொண்டிருந்தது. உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்துவிட்டதால் வீட்டை ஒழிக்கிறார்களாம். நூல் சுற்றும் ரீலை மூக்கருகே கொண்டுபோனேன். தேங்காய் எண்ணெய். மெஷின் எண்ணெய் போடுடா என்று பெங்களூருக்கே கேட்கும்படி கத்தியிருக்கிறேன். நீ தலைக்குத் தடவியது போக மிச்சத்தைத்தான் ரீலுக்குத் தடவினாய். சிக்குப் பிடித்துப்போன அந்த வாசனையில், நீ குளித்துவிட்டு என் பின்னால் வந்து நிற்கிறாய் என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

"மாமா, இத நீயே வெச்சுக்கோ. அம்மா பாத்துப் பாத்து அழுவுது" என்றாள். வாசல் வரை போனவள் திரும்பி, "அந்த மீன் கதைய ஒரு தடவ சொல்லேன்" என்றாள்.

கல்யாணம், காதுகுத்து என்று பத்துப் பேர் கூடிய இடமெல்லாம் அதைச் சொன்னவன் நான். இன்றைக்கு டீ கொண்டுவருகிறேன் என்று உள்ளே போனவன் அடுப்பைப் பற்றவைக்காமலே நின்றேன். அவளிடம் சொல்ல முடியாததை உனக்கு எழுதுகிறேன்.

பீன்யாவில் நாம் வேலை பார்த்த ஷெட்டில் இருந்த, தகரம் வெட்டும் பிரஸ் மெஷினைப் பற்றி நான் அளந்ததெல்லாம் உனக்கு நினைவிருக்கும். அது யானையை அப்பளமாக்கும், அதன் சத்தத்தில் தும்கூரில் பால் திரியும் என்பேன். ஆனால் அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் நான் எதையும் கூட்டிச் சொன்னதில்லை. நான் பக்கத்து மெஷினில் நின்றிருந்தேன். சத்தம் மாறவே இல்லை. தகரத்தை வெட்டும்போது வரும் அதே சத்தம்தான். நீதான் வேறு மாதிரி என்னைப் பார்த்தாய்.

கட்டுப் பிரித்த அன்று நீ சோறு பிசைந்து பாப்பாவுக்கு ஊட்டப் போனாய். இன்று ஆட்டோவில் வந்தவளுக்கு அப்போது பள்ளிக்கூடம் போகும் வயதுகூட ஆகவில்லை. கட்டைவிரல் இருந்த இடத்தைப் பார்த்தாள். வாயை இறுக்க மூடிக்கொண்டு என் தங்கையின் முதுகுக்குப் பின்னால் போனாள். அதோடு உன் வலது கை துண்டுக்குள் குடியேறிவிட்டது. நீ வீட்டுக்குள் வந்தால் அவள் வெளியே போவாள். இருந்ததே ஒரு அறை. அதில் எங்கே போய் ஒளிவாள், பாவம். இரவில் அம்மாவுக்கு அந்தப் பக்கம் சுவரோடு ஒட்டிக்கொண்டு தூங்கினாள். நீ என்னிடம் ஒரே ஒரு முறைதான் அதைப் பற்றிப் பேசினாய்: "மெஷின் ஒண்ணத்தான் எடுத்துச்சுடா. மிச்சத்த இவ எடுத்துட்டா."

அதற்குப் பிறகு நீ சாப்பாட்டையும் பேச்சையும் குறைத்துக்கொண்டாய். உன்னைத் தனியே விட எனக்குப் பயமாக இருந்தது.

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். பாப்பாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

"அப்பா வெரல் என்னாச்சு தெரியுமா? ஹெப்பகோடி பக்கம் ஒரு ஏரி. அதுல ஒரு மீனு, நம்ம சிட்டி பஸ் அத்தன நீளம். மாட்டக்கூட முழுங்கும். உங்கப்பன் அது வாயில கையவிட்டு அடக்கினான். ஊர் ஜனமெல்லாம் பொழைக்கட்டும்னு ஒரு வெரல மட்டும் குடுத்துட்டு வந்துட்டான்."

தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டாள். "திருப்பிக் கேக்கலாமில்ல?"

"யார?"

"மீன."

என் பொய்யை ஒரு ஆத்மா அப்படியே நம்பி, எனக்கே வேலையும் கொடுத்தது அன்றுதான்.

தூண்டில் வாங்க உன்னைச் சிவாஜிநகருக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஏரியில் தண்ணீர்மேல் துள்ளும் தவளையைப் பாய்ந்து அடிப்பது விரால்தான். அதுவும் இலைக் கூட்டத்துக்கு நடுவே இருக்கும். அதற்கேற்ற ராடின் நுனி, நூலில் கட்டிய பொய்த் தவளையைத் துள்ளவைக்கும் அளவுக்கு வளைய வேண்டும். அடிப்பாகம் மீனை இலையோடு பெயர்க்கும் அளவுக்கு விறைப்பாக இருக்க வேண்டும். இதை நான் அந்தச் சந்துக்குள் சந்தில் இருந்த கடையில் பிரசங்கமாகச் செய்தேன். இருப்பதிலேயே பளபளப்பான ரீலைக் காட்டி, "அது குடுங்க பாய். நம்ம ஆளு திமிங்கலமே புடிச்சவரு" என்றேன்.

ராடின் மேல் உட்காரும் ரீல் அது. பாய் உன்னிடம் நீட்டி விளக்கினார்: "பாருங்கோ அண்ணே, வீசறப்போ இந்த உருளை சுத்தும். அங்கூட்டா, அதான் கட்டவெரலு, இங்க வெச்சு அமுக்கணும். இல்லேன்னா நூலு பூரா சிக்கு."

நீ துண்டிலிருந்து கையை வெளியே எடுத்தாய்.

பாய் அந்த ரீலைப் பெட்டியில் வைத்து மூடினார். ராடுக்கு அடியில் தொங்கும் வேறு ரீலை எடுத்தார். "இதுக்கு ஆள்காட்டி வெரல் போதும். நூல மடக்கிப் புடி, வீசறப்போ விட்டுடு. ராட எடது கைல புடிங்கோ, சுத்தறது வலது கைல..."

"வேணாம் பாய். நல்ல கை சுத்தட்டும். இது புடிக்கணும்."

அன்று அத்தனை நாளுக்குப் பிறகு நீ ஒன்றை வேண்டும் என்று கேட்டாய். சந்தில் நின்று ஒவ்வொரு ராடாக வீசிப் பார்த்தாய். மெலிந்த கைப்பிடிகள் உன் உள்ளங்கையில் உருண்டன. கறிக்கடை ஆடு ஒன்று மட்டும் நம்மை அக்கறையோடு கவனித்தது. கடைசியில் கார்க் வைத்த தடித்த கைப்பிடி கிடைத்தது. அதன் நீண்ட அடிக்கட்டை முழங்கைக்குக் கீழே அண்டைகொடுத்து நின்றது. நாலு விரலும் முழங்கையும் சேர்ந்து அதைப் பிடித்தன. தவளைக்கு நானே பொறுப்பேற்று, என் மனைவியின் ரப்பர் செருப்பை வெட்டிச் செதுக்கினேன். அந்தச் செருப்புக்காக நான் வாங்கியதை வேறு மடலில்தான் எழுத வேண்டும்.

ஹெப்பகோடி ஏரி அப்போதே பச்சையாகி நாறத் தொடங்கியிருந்தது. பாப்பா என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு உன்னிடமிருந்து தள்ளியே நின்றாள். மீனின் முதல் அடி சீக்கிரமே விழுந்தது. தண்ணீர் வெடித்ததும் நீ இழுத்துவிட்டாய். தவளை மட்டும் பறந்து வந்தது.

"கண்ணால பாத்து இழுக்காதடா சோமாறி! கைல பாரம் தெரியட்டும்!"

"நீ வந்து புடியேன். வாயாலயே புடிச்சவன்தானே நீ."

பிறகு வெயில் ஏறியது. ஒன்றும் அடிக்கவில்லை. "வெரல் இல்லியா மாமா?" என்று பாப்பா கேட்டபோது என் கைவசம் பொய் தீர்ந்துபோயிருந்தது. அப்போதுதான் தவளை மூழ்கியது. நீ காத்திருந்து இழுத்தாய். ராடு வளைந்தது. கைப்பிடி உன் கைக்குள் உருண்டு நழுவியது.

"மச்சான்!" என்று என்னைத்தான் கூப்பிட்டாய். நான் எழுவதற்குள் என் சட்டையைப் பிடித்திருந்த பிடி விட்டுப்போயிருந்தது.

பாப்பா ஓடிவந்து இரண்டு கையாலும் உன் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையை. விரல் போன இடத்தின்மேல் அவள் உள்ளங்கை இருந்தது.

"உடாதப்பா! நம்ம வெரலு!"

நூலைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மீன் என்றால் நூல் துடிக்கும், பக்கவாட்டில் ஓடும். இது செத்த பாரம். எவனோ கொட்டிய கோணிச் சாக்கு. உனக்கும் தெரிந்தது, என்னைப் பார்த்தாய். நான் அரை அங்குலம் கூட்டிச் சொன்னால் அடிக்க வருகிறவன் நீ. சாமி சத்தியம் என்றால்கூட நடந்ததற்குமேல் ஒரு வார்த்தை பேசாதவன். அந்த நீ மணிக்கட்டை உதறினாய். ராடின் நுனி உயிர் வந்தது போல ஆடியது.

"ஐயோ இழுக்குது பாப்பா! பெரிசு! கெட்டியா புடி!"

எத்தனை நேரம் சண்டை போட்டாய், மச்சான், ஒரு சாக்கோடு! பின்னால் போனாய், முன்னால் இழுபட்டாய், முட்டி போட்டாய். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தொங்கினாள். கடைசியில் நூல் அறுந்தது.

"போச்சாப்பா?"

"போச்சு கண்ணு."

"வெரலு?"

"கேட்டேன். செரிச்சிடுச்சாம்."

அவள் "சரி" என்றாள். பிடித்த கையை எடுக்கவில்லை. பஸ்ஸிலும் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு உனக்கு நல்லது என்று பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஷெட்டில் உன்னைப் பெருக்க விட்டார்கள், பிறகு வேண்டாம் என்றார்கள். ஹெப்பகோடியில் ஒரு கேட்டில் வாட்ச்மேனாக நின்று, கார்களுக்கு நாலு விரலால் சலாம் வைத்தாய். நுரையீரல் கெட்டுப்போய், கடைசி மாதம் மூச்சுக்காக நீ பட்டதை நான் எழுதமாட்டேன். ஆஸ்பத்திரியில் உன் நல்ல கையில் ஊசிக் குழாய் இருந்தது. அவள் மற்றதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் பெஞ்சில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் திரும்ப வந்து கேட்பாள். சொல்வேன். மீன் இன்னும் ஒரு முழம் வளர்ந்திருக்கும், நம் மூவரையும் ஏரிக்கு அக்கரை வரை இழுத்துப்போகும். சாக்கைப் பற்றி மூச்சு விடமாட்டேன். அது நாம் இரண்டு பேரும் சேர்ந்து தூக்கியது. இப்போது நான் ஒருவன் தூக்குகிறேன்.

மீன் பொய். அதன் நீளம் பொய். நீ அதன் வாயில் கைவிட்டது பொய். அவள் ஓடிவந்தது மட்டும் நிஜம், மச்சான். அதில் நான் எதையும் கூட்டவில்லை.