நான்காம் காணொளியில் என் விரல்கள்

மார்ச் 3, செவ்வாய்

ஒரு சிறப்புப் பள்ளிக்குப் போயிருந்தேன். எங்கள் இணையவழி ஆசிரியர் பயிற்சியில் தேறிய ஆசிரியை அங்கே வகுப்பெடுக்கிறாள். நல்ல பெண், பொறுமைசாலி. ஆனால் குழந்தையிடம் எதைச் சொல்வதற்கு முன்பும் மேசையை விரலால் இரண்டு முறை தட்டுகிறாள்.

"அது எதுக்கும்மா?"

"நீங்கதானே மேடம் வீடியோல அப்படிச் செஞ்சீங்க."

நான் எங்கே தட்டினேன்?

மார்ச் 4, புதன்

தட்டியிருக்கிறேன். நான்காம் காணொளி, பதினெட்டு நிமிடத்தில் முப்பத்தொரு தடவை. கேமராவைக் கண்டால் வரும் பதற்றம். பாடத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதைப் பார்த்துத் தேறியவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். நேர் வகுப்பாக இருந்தால் ஒருத்தராவது ஏன் என்று கேட்டிருப்பார். திரையிடம் யார் கேட்பார்கள்?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "முப்பது வருஷமா என்னைத் தட்டித்தான் எழுப்புற. நான் கெட்டா போயிட்டேன்?" சிரிப்பு வரவில்லை.

மார்ச் 6, வெள்ளி

அந்த ஆசிரியையிடம் என் எண்ணை வாங்கி ஒரு தாய் பேசினார். மகளுக்கு எட்டு வயது, பேச்சு கிடையாது. ஸ்பூனால் தானே சாப்பிட ஆசிரியைதான் பழக்கினாளாம். நேற்று அத்தை வீட்டில் விட்டுப் போயிருக்கிறார்.

"ஸ்பூனைக் கையில பிடிச்சுக்கிட்டு மூணு மணி நேரம் சாப்பாட்டையே பாத்துட்டு உக்காந்திருக்கா மேடம். பசியில அழுகை வேற. மேசையைத் தட்டினாத்தான் ஆரம்பிப்பான்னு நாத்தனார்கிட்ட சொல்ல மறந்துட்டேன். தப்பு என்மேலதான்."

அவர்மேல் தப்பாம். நான் மறுக்கவில்லை. ஏன்?

மார்ச் 9, திங்கள்

காணொளியை எடுத்துவிடச் சொன்னேன். எங்கள் பயிற்சி மைய இயக்குநர் நிமிரவே இல்லை. "அடுத்த மாசம் பயிற்சிக்கு அங்கீகாரம் புதுப்பிக்கணும். நம்ம பாடம் தப்புன்னு நாமளே சொல்லிக்கிறதா? தட்டுற இடத்தை மட்டும் வெட்டிடலாம் மேடம்."

காணொளியில் வெட்டலாம். நானூற்றுப் பன்னிரண்டு பேர் விரல்களில்? கேட்கவில்லை. தலையாட்டிவிட்டு வந்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

மத்தியானச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு நான்காம் காணொளியை மறுபடி பார்த்தேன்.

மார்ச் 12, வியாழன்

மாதாந்தர நேரலை வகுப்பு. இருநூறு பேர். பாடத்தை நிறுத்திவிட்டுச் சொன்னேன்: தட்டுவது என் பழக்கம், முறை அல்ல. உங்கள் குழந்தைகள் யாராவது அதற்காகக் காத்திருந்தால் எழுதுங்கள்.

திரையில் பதில்கள் வரிசையாக வந்தன. 'இரண்டு பேர்.' 'நான்கு பேர்.' 'தட்டாம ஷூ போட மாட்டேங்குறான் மேடம்.' ஐம்பத்தேழு வரை எண்ணினேன்.

இயக்குநரும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "நல்லா போட்டு உடைச்சீங்க." அங்கீகாரக் கூட்டத்துக்கு நான் வர வேண்டாமாம்.

மார்ச் 13, வெள்ளி

அந்தத் தாய்க்கு நானே ஃபோன் செய்து, தப்பு யாருடையது என்று சொன்னேன். "அப்ப நீங்களே வந்து சரிபண்ணுங்க."

மார்ச் 25, புதன்

ஆசிரியையும் நானும் தினமும் அந்தக் குழந்தையின் வீட்டுக்குப் போகிறோம். இரண்டு தட்டு ஒன்றாகி, இப்போது விரலை நீட்டினால் போதும். நீட்டாவிட்டால் காத்திருக்கிறாள். வேறொரு சங்கிலி மாட்டிவிட்டேனோ?

ஏப்ரல் 2, வியாழன்

ஆசிரியையும் நானும் குழந்தையின் அத்தை வீட்டில். அத்தையிடம் ஒன்றும் சொல்லிவைக்கவில்லை. சாப்பாட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். குழந்தை என் கையைப் பார்த்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டேன். பதினோரு நிமிடம்.

பிறகு ஸ்பூனைக் கீழே போட்டாள். கையாலேயே அள்ளி வாயில் வைத்தாள். இன்னொரு வாய். தாடையெல்லாம் வழிந்தது.

ஸ்பூனை எடுத்துக் கொடுக்க ஆசிரியை எழுந்தாள். அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.