நித்யாவுக்கு ஊர் காட்டிய வாரம்

ஜூலை 7, திங்கள்
காலையிலிருந்தே புழுக்கம். கொழுந்தன் பெண்டாட்டி நித்யா தஞ்சாவூரிலிருந்து மலேசியா வந்து நாலு நாள். கொழுந்தனுக்குப் போர்ட் கிள்ளானில் ஷிப்ட், லீவு கிடையாது. ஊர் காட்டும் பொறுப்பு என் வீட்டுக்காரருக்கு. ஒரு வாரம் லீவு போட்டிருக்கிறார்.

நான் கும்பகோணத்திலிருந்து கல்யாணமாகி வந்த மறுநாளே ஷா ஆலம் பேக்டரிக்குக் கிளம்பிப் போனவர். பதினோரு வருஷம் ஆச்சு.

"புதுசா வந்த பிள்ளை லா, தெரிய வேண்டியதெல்லாம் ஒரு லிஸ்ட் எழுதிக் குடு" என்றார். எழுதினேன்.
– மூணு மணிக்கு மேல் மழை. வெயிலடித்தாலும் குடை.
– டீயில் பால் வேண்டாமென்றால் 'தே ஓ' என்று கேட்கணும்.
– ரயிலில் பெண்கள் பெட்டி நடுவில்.
எல்லாம் நான் அசடு வழிந்து கற்றவை. இங்கே யாரையும் ஆள்காட்டி விரலால் காட்டக் கூடாது, கட்டைவிரல்தான். அதை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். படட்டும்.

ஜூலை 8, செவ்வாய்
மழை. இருவரும் பிரிக்பீல்ட்ஸ் போய் வந்தார்கள். வாழையிலைச் சாப்பாடு, பூக்கடை, போட்டோ. பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவின் பூனையை நித்யா கட்டைவிரலால் காட்டினாள். யார் சொன்னது என்றேன்.

"மாமாதான்க்கா. கார்ல எல்லாம் சொல்லிக்கிட்டே வந்தாங்க."

வந்த புதுசில் நான் விரல் நீட்டி அதே அக்கா முறைத்தபோது இவர் சிரித்தார்.

அம்மா போன். நித்யாவின் ஸ்டேட்டஸ் பார்த்தாளாம். "அங்க இவ்வளவு இருக்கா? நீ ஒண்ணுமே சொன்னதில்லையேடி."

ஜூலை 9, புதன்
தலைவலி. ஞாயிறன்று படகில் கேத்தாம் தீவு. நித்யா கேட்டாளாம், இவர் சரி என்றாராம். நானும் வரணுமாம். "உங்க அக்கா பழைய ஆளு லா, எல்லாம் தெரியும்" என்று அவளிடம் சொல்கிறார்.

போர்ட் கிள்ளானிலிருந்து அரை மணி நேரம். ஒருநாள்கூட என்னைக் கூட்டிப் போனதில்லை. நித்யாவுக்குத் துணையாகப் போய் அந்தக் கடலை முதல்முறை பார்க்க என்னால் முடியாது.

ஜூலை 10, வியாழன்
இவர்கள் ஷாப்பிங் கிளம்பியதும் சாம்பாரை இறக்கிவிட்டுத் தனியாக ரயில் ஏறினேன். போர்ட் கிள்ளான்தான் கடைசி ஸ்டேஷன். பக்கத்திலேயே படகுத்துறை. படகுக்குள் ஏசி, நடுங்கிவிட்டேன். இரண்டு பக்கமும் அலையாத்தி மரங்கள், அப்புறம் ஒரே தண்ணீர். தீவில் கார் இல்லை, சைக்கிள்தான். வீடெல்லாம் தண்ணீர்மேல் தூண்களில். மீன் காயவைத்த சீன ஆன்டி, "பர்ஸ்ட் டைம் ஆ?" என்றார். ஆமாம் என்றேன். கருவாடு வாங்கவில்லை, வாசனை காட்டிக் கொடுத்துவிடும்.

ஜூலை 13, ஞாயிறு
நல்ல வெயில். படகுத்துறையில் இவர் நித்யாவிடம் ஒரே விளக்கம். பேசிக்கொண்டே வேறு படகுக்கான வரிசையில் போய் நின்றார்.

"அது இல்லைங்க. கேத்தாமுக்கு அந்தக் கோடியில நிக்கிற படகு" என்றேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"வியாழக்கிழமை வந்தேன்."

முகம் மாறிவிட்டது. "யாரோட?"

படகில் நித்யாவுக்கு ஒன்றும் விளக்கவில்லை. அவளை முன் சீட்டில் உட்கார வைத்துவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தீவு வரைக்கும், திரும்பி வரும்போதும், வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதும் அதே கேள்வி.

இன்னும் சொல்லவில்லை.