மோட்டார் ரூம் சாவியும் உன் உலக அரசாங்கமும்

சண்டை போட ஆளில்லாமல் என்னைத் தனியாக விட்டுப் போன என் செல்லத் தம்பி ராசுவுக்கு,

நீ போய் எட்டு மாதமாகிறது. நேற்று டிவியில் பருவநிலை மாநாடு என்று காட்டினார்கள். கோட்டு போட்டவர்கள் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நீ இருந்திருந்தால் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கத்தியிருப்பாய். நான் டிவியை அணைத்துவிட்டேன். அதற்கப்புறம் எனக்கு உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை.

"காத்துக்கு ஏதுக்கா பார்டர்? ஒருத்தன் விடுற பொகையில இன்னொருத்தன் வெள்ளாம காயுது. ஆளாளுக்கு ஒரு கவர்ன்மென்ட் வச்சிருந்தா எவன் கேப்பான்? உலகத்துக்கே ஒண்ணுதான் வேணும்" என்பாய். நான் விடுவேனா? "ஏலே, திண்டுக்கல்ல இருக்குற ஆபீசருக்கே எரியோட்டுல நம்ம தோட்டம் எங்க இருக்குன்னு தெரியல. உலகத்துக்குத் தெரியப் போகுதாக்கும்!" என்று சிரிப்பேன்.

சொன்னதோடு நிற்காமல் செய்தும் காட்டினாயே. அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து வெட்டிய கிணறு ஒன்று, பங்கு மூன்று. நீ, நான், சித்தப்பா மகன் தங்கவேல். ஆளுக்கு ஒரு நாள் முறை. முறை மாறி மோட்டார் போட்டுப் போட்டு வருஷமெல்லாம் நமக்குள் சண்டை. மோட்டார் ரூமுக்கு ஒரே பூட்டு, ஒரே சாவி, வைத்திருப்பவர் சொல்வதுதான் சட்டம் என்று நீதான் முடிவு பண்ணினாய். "அக்காகிட்ட இருக்கட்டும். அக்கா பொய் சொல்லாது" என்றாய்.

இரண்டு வருஷம் சண்டையே இல்லை. தங்கவேல்கூட வாயை மூடிக்கொண்டு அவன் முறைக்குக் காத்திருந்தான். உன்னிடம் அப்போது நான் ஒத்துக்கொள்ளவில்லை. உன் யோசனை வேலை செய்தது, ராசு.

பிறகு அந்தக் கோடை வந்தது. மழை பொய்த்து, கிணற்றில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத் தண்ணீர் ஊறுவதே பெரிய காரியமாகிவிட்டது. என் மல்லிகை மொட்டு விட்டிருந்தது. முகூர்த்த சீசன் வேறு. உன் சின்ன வெங்காயம் காய் பிடிக்கிற நேரம். உன் முறைக்கு முந்தின மத்தியானம், நீயும் உன் வீட்டுக்காரி செல்வியும் சாப்பிடப் போன பிறகு, நான் மோட்டாரைப் போட்டேன். மறுநாள் உன் முறைக்கென்று ஊறிக்கொண்டிருந்த தண்ணீரில் அரை மணி நேரம்தான். இன்றைக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டேன். உன் அடுத்த முறைக்கும் அதையே நினைத்தேன், அதற்கடுத்த முறைக்கும்.

முதல் தடவை எடுத்ததற்கு மறுநாள் காலையில் நீ கிணற்றை எட்டிப் பார்த்தாய். "ஊத்து வத்திருச்சாக்கா?" என்று கேட்டாய். "ஆமாப்பா, வத்திருச்சு" என்றேன். நீ வானத்தைப் பார்த்தாய். "உலகம் அம்புட்டும் கொதிக்குதுக்கா. மேல ஒருத்தன் நின்னு அதட்டுனாத்தான் அடங்கும்" என்றாய். சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் தலையாட்டினேன். மழை பொய்த்தது நிஜம். ஆனால் நான் எடுத்ததையும் சேர்த்து நீ வானத்தின் மேலேயே பழி போட்டாய்.

கடை வரிசை வெங்காயத்துக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்தாயே, அதை நான் வரப்பில் நின்று பார்த்தேன். அடுத்த மாதம் உனக்கு நெஞ்சு வலி வந்து, அதோடு நீ போய்விட்டாய். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று டாக்டரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இப்போதும் வரவில்லை.

இப்போது நடப்பதைக் கேள். ஆயிரம் அடிக்குப் போர்வெல் போடப் போகிறானாம் தங்கவேல். "நீங்களும் தனித்தனியாப் போட்டுக்கங்க. ஒருத்தர நம்பி எத்தன நாளைக்கு?" என்கிறான். அவன் போட்டால் நம் கிணறு முடிந்தது. அவனைப் பார்த்து அடுத்த தோட்டத்துக்காரர் போடுவார். யார் நிறுத்துவது? இதைத்தானே நீ நாடுகளைப் பற்றிச் சொன்னாய்? உன் உலக அரசாங்கம் வேண்டாம் என்று சொல்ல இன்றைக்கு எனக்கு வாயில்லை. ஆனால் அந்தச் சாவி யார் கையில் இருந்தாலும், அவருக்கும் எங்கேயோ ஒரு மல்லிகை மொட்டு விட்டிருக்கும்தானே? எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் அவர் மோட்டாரைப் போட்டால் பார்ப்பது யார்?

செல்விதான் போர் வேண்டாம் என்று பிடிவாதமாக நிற்கிறாள். "மதினி கையில சாவி இருக்குற வரைக்கும் என் முறைத் தண்ணி எனக்கு வரும்" என்று என்னை வைத்துக்கொண்டே தங்கவேலிடம் சொன்னாள். அந்த நம்பிக்கையில் மறுபடியும் வெங்காயம் ஊன்றியிருக்கிறாள். நான் உண்மையைச் சொன்னால், இருக்கிற மாட்டை விற்று அவளும் போர் போடப் போய்விடுவாள். சொல்லாவிட்டால் ஒரு திருடியை நம்பிக்கொண்டே இருப்பாள். மூன்று நாளாக அவள் வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வருகிறேன்.

நாளைக்குத் தங்கவேல் பதில் கேட்டு வருகிறான். அவனையும் உட்கார வைத்து, செல்விக்கு இந்தக் கடிதத்தை நானே வாசித்துக் காட்டுகிறேன். உன்மேல் சத்தியம், ஒரு வரியையும் முழுங்க மாட்டேன். அவள் திட்டினால் கேட்டுக்கொள்வேன். சாவியைக் கேட்டால் அந்த நிமிஷமே கொடுத்துவிடுவேன். "பரவால்ல மதினி, நீங்களே வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டால்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை, தம்பி.

உன் முறைத் தண்ணீரை எடுத்துக்கொண்ட,
உன் கூடப்பிறந்த அக்கா