பெயிண்டுக்கு அடியில்

அன்புள்ள கனகலட்சுமிக்கு,

பாப்பாவோடு உசிலம்பட்டிக்குப் போனதிலிருந்து நீ போனை எடுக்காததால் இதை எழுதி உன் தம்பி கையில் கொடுத்தனுப்புகிறேன். கிழிக்கும் முன் ஒரு தடவை படித்துவிடு.

நேற்று இன்சூரன்ஸ் சர்வேயர் விளாங்குடி வீட்டுக்கு வந்தார். போன வாரம் குழாய் திடீரென்று உடைந்ததாகவும், அதனால்தான் பாப்பா அறைச் சுவரில் பூஞ்சை பிடித்ததாகவும் சொன்னேன். அவர் ஒரு ஆணியால் சுவரைச் சுரண்டினார். பெயிண்டுக்கு அடியில் பூஞ்சை, அதற்கடியில் இன்னொரு பெயிண்ட், அதற்கடியிலும் பூஞ்சை.

"அண்ணே, இது ரெண்டு மழைக்காலம் பாத்த சுவரு. நாள்பட்ட கசிவுக்கு கிளெய்ம் வராதுண்ணே" என்றார்.

போன வருடம் அந்தச் சுவரில் ஈரம் கசிவதாக நீ சொன்னபோது, குழாயை மாற்றிவிட்டதாகச் சொன்னேனே, அது பொய். பெயிண்ட் மட்டும்தான் அடித்தேன். இந்த வருடமும் அதையே செய்தேன். நீ என்னை நம்பி, பாப்பா கட்டிலை அந்தச் சுவரோரம் போட்டாய்.

கிளம்பும்போது அவர், "இந்த ரூம்ல யாரு படுக்குறது?" என்று கேட்டார். "யாரும் இல்ல" என்றேன். அதை எழுதிக்கொண்டார். அவர் போனதும் அந்தக் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன்.

பாப்பாவுக்கு ஏன் இப்படி மூச்சு இளைக்கிறது என்று உசிலம்பட்டி டாக்டருக்கும் புரியவில்லையாமே. நாளைக்கே அவரிடம் இந்தச் சுவரைப் பற்றிச் சொல். அப்பன் மறைத்துவிட்டான் என்றே சொல். சுவரை உடைத்துக் குழாயை மாற்ற ஆள் சொல்லிவிட்டேன். நீ என்னிடம் திரும்பி வராவிட்டாலும் சரி. அவள் நிம்மதியாக மூச்சு விட்டால் போதும்.

இப்படிக்கு,
அவள் அப்பா